ஓசியில் பெடல் கேட்கிறார்கள்: கொடுப்பதா, வேண்டாமா?

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு. எழுதுபவர்: அம்பத்தூர் ஓவர்டிரைவ்

நான் கையால் செய்யும் கிடார் பெடல் (காலால் மிதிச்சு கிடார் சத்தத்தை மாத்துற பெட்டி), இரண்டு மாடல்: ஒரு ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்கும்), ஒரு டிலே (எதிரொலி தரும்). மாதம் 25 பீஸ் போகுது, விலை ₹8,500. சினிமா செஷனும் (ஸ்டுடியோ பாட்டுப் பதிவு) மேடையும் வாசிக்கிற ஒரு கிடாரிஸ்ட் மூணு பெடல் இலவசமா கேட்கிறார். பதிலுக்கு இன்ஸ்டாவில் டேக் பண்ணுவாராம். 60,000 ஃபாலோயர். பேப்பர் எதுவும் வேண்டாம், நம்பிக்கைதான் முக்கியம் என்கிறார். எனக்கும் கொடுத்துடலாம்னுதான் தோணுது. பெரிய கம்பெனி எல்லாம் கலைஞர் பேரைப் பிடிச்சுத்தானே மேலே வந்தது? மறுப்பு இருந்தால் சொல்லுங்க.

17 ஆகஸ்ட், இரவு. ஓம்விதி

முதல்ல கணக்கு. ₹8,500-இல் 18% ஜிஎஸ்டி போனால் கைக்கு ₹7,203. உதிரி ₹2,600, வேலைக்கூலி, வாடகை சேர்த்து ₹1,400 என்று வைங்க, ஆக ₹4,000. பேமென்ட் கேட்வே ₹200, கூரியர் ₹150. ஒரு பெடல் விற்றால் மிஞ்சுவது ₹2,850 சொச்சம்.

இலவசமா ஒண்ணு கொடுத்தால் போவது ₹4,000 மட்டும் இல்லை. கூரியர் ₹150. உதிரி வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியில் எடுத்த கிரெடிட் ₹468, அதையும் திருப்பணும். மொத்தம் ₹4,618. மூணுக்கு ₹13,854. இதை எடுக்க அவரால் மட்டுமே, அதாவது அவர் இல்லாவிட்டால் நடந்தே இருக்காத விற்பனை, அஞ்சு நடக்கணும். அஞ்சு பெரிய எண் இல்லைதான். ஆனா அந்த அஞ்சும் அவரால் வந்ததுன்னு எப்படித் தெரியும்? அளக்க வழி இல்லாமல் கொடுத்தால் அது நன்கொடை.

17 ஆகஸ்ட், இரவு. ஓம்விதி

பெரிய கம்பெனி விஷயம் தனியா. அவங்க வளர்ந்தது ஓசி கொடுத்து இல்லை, எழுதி வெச்சு. 1952-இல் கிப்சன் கம்பெனி லெஸ் பால்ங்கிற கிடாரிஸ்ட் பேரில் கிடார் விட்டது ராயல்டி ஒப்பந்தத்தோடதான். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஒப்பந்தம் முடிஞ்சதும் கிடாரிலிருந்து பேரே போயிடுச்சு, 1968-இல்தான் திரும்பி வந்தது. இன்னும் நல்ல உதாரணம் பீவி, ஆம்ப் (கிடார் ஆம்ப்ளிஃபயர்) செய்ற கம்பெனி. 1992-இல் கிடாரிஸ்ட் எட்டி வான் ஹேலனோடு சேர்ந்து 5150 ஆம்ப் விட்டாங்க. 2004-இல் பிரிஞ்சப்போ 5150-ங்கிற பேர் அவரோட போயிடுச்சு. சர்க்யூட் பீவி கையில், அதுக்கு 6505-ன்னு புதுப் பேர் வெச்சு விற்க வேண்டியதாச்சு. அவங்களுக்கு அது தாங்கும். மாசம் 25 பீஸ் விற்கிறவருக்குப் பேர் போனா கடையே போச்சு. சிக்னேச்சர் மாடல்னு நாளைக்கு யாராவது கேட்டா, மாடல் பேரில் கலைஞர் பேர் ஒட்டாக மட்டும் இருக்கட்டும். மூலப் பேர் உங்களுடையது, டிரேட்மார்க்கும் உங்க பேரில். தனிநபர், சிறு தொழில்னா ஆன்லைனில் டிரேட்மார்க் விண்ணப்பிக்க ஒரு பொருள் வகைக்கு ₹4,500 கட்டணம்.

18 ஆகஸ்ட். மண்டபம் சவுண்ட்

ஃபாலோயர் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதுபா. மேடைக்குக் கீழே இருந்து பார்க்கிறவன் சொல்றேன்: கலைஞர் கைக்குப் போற பெடல் கடையில் விற்கிற பெடல் மாதிரி இருக்கக் கூடாது. கல்யாண மண்டபத்தில் யாரோ ஒருத்தர் கீபோர்டு அடாப்டரை எடுத்து நீட்டுவார். 12 வோல்ட் இருக்கும், இல்லைன்னா நடு முனை பாசிட்டிவ். உங்க பெடல் நடு முனை நெகட்டிவ். செருகினதும் புகை. மறுநாள் 60,000 பேருக்கும் போற செய்தி "பாதி பாட்டில் செத்துப்போச்சு".

பார்க்க வேண்டிய இடங்கள். போலாரிட்டி காப்புக்கு (பாசிட்டிவ் நெகட்டிவ் மாறினா காக்க) 1என்4001 டயோடைக் குறுக்கே மட்டும் போட்டிருந்தா, 1 ஆம்பியர் அடாப்டர் தப்பா செருகும்போது டயோடோ ட்ராக்கோ எரியும். வரிசையில் 1என்5817 டயோடு போடுங்க, கால் வோல்ட் அளவுதான் விழும். அதுவும் வேண்டாம்னா பி சேனல் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் எல்லாம் 16 வோல்ட்டா? 25-க்கு மாத்துங்க, யாராவது 18 வோல்ட் கொடுத்தே தீருவாங்க. ஓவர்டிரைவில் ஹெட்ரூமுக்காக சார்ஜ் பம்ப் (உள்ளே வோல்டேஜை ஏத்துற சிப்) வெச்சிருந்தா அதுதான் முதல் பலி. மேக்ஸ்1044-ங்கிற பம்ப் சிப் தாங்குறது 10 வோல்ட் சுமார்தான், 12 கொடுத்தா முடிஞ்சது. டிசி1044எஸ் 12 வரைக்கும் ஓடும். டிலே பிடி2399 சிப்பா இருந்தா 12-இல் பிழைச்சுக்கும், முன்னாடி 78எல்05-ங்கிற 5 வோல்ட் ரெகுலேட்டர் இருக்கு. 18-இல் அந்தக் குட்டி ரெகுலேட்டர் கை வைக்க முடியாத சூடு ஆகும்.

18 ஆகஸ்ட். மண்டபம் சவுண்ட்

சுவிட்ச் விட்டுட்டேன். 3பிடிடி-ங்கிற மிதி சுவிட்ச் காலில் சால்டர் வைக்கும்போது ரெண்டு வினாடிக்கு மேல நிக்காதீங்க. உள்ளே பிளாஸ்டிக் இளகி கான்டாக்ட் நகர்ந்துடும், கடையில் டெஸ்ட் பண்ணும்போது தெரியாது, மூணாவது மாசம் "சில நேரம் சத்தம் வரல"ன்னு வரும். கலைஞர் பீஸுக்கு மொமென்டரி சுவிட்சும் 5 வோல்ட் ரிலேவும் போட்டா இந்தத் தலைவலியே இல்லை. பவர் போனா பைபாஸில் (பெடலைத் தாண்டி கிடார் சத்தம் நேரா போறது) நிக்கிற மாதிரி வையுங்க.

19 ஆகஸ்ட். ஓம்விதி

மேலே சவுண்ட்காரர் சொன்னதுதான் என் வாதத்துக்கும் அடிப்படை. சின்ன உற்பத்தியாளருக்குக் கலைஞர் ஒப்பந்தத்தால் கிடைக்கிற பெரிய லாபம் விளம்பரம் இல்லை. வாரம் நாலு தடவை மிதிபட்டு, வேன் டிக்கியில் வெயிலில் வெந்து, பீச் பக்கத்து மேடையில் உப்புக்காத்து வாங்கிய ஒரு பீஸ் திரும்பி வந்து மேசையில் கிடக்குதே, அது. அதுக்கு அந்தப் பீஸ் திரும்பி வரணும். ஆகவே இனாம் வேண்டாம், இரவல் கொடுங்க.

இரவல்னா: பெடல் உங்க சொத்து. ஒரு வருஷம் அவர் கையில். டெலிவரி சலான் போட்டு அனுப்புங்க, இன்வாய்ஸ் வேண்டாம், விற்பனை இல்லையே. சலானில் சீரியல் எண், மதிப்பு, "திருப்பித் தரத்தக்கது" என்ற வரி. சீரியலை விற்பனை வரிசையிலிருந்து பிரிச்சு ஏ-01, ஏ-02-ன்னு வைங்க. அனுப்பும் அன்னிக்கு ஐசி கால்களில் இருக்கிற வோல்டேஜ், 9 வோல்ட்டில் எத்தனை மில்லிஆம்ப் இழுக்குது, ரெண்டையும் குறிச்சு வைங்க. திரும்பி வரும்போது ஒப்பிட்டா எது தேயுதுன்னு தெரியும். மூணு கலைஞருக்கு ஒரு ஸ்பேர் ரெடியா இருக்கணும். சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தா ஊருக்குள் அன்னிக்கே மாத்திக் கொடுப்பேன்னு சொல்ல முடியணும். இதுதான் அவருக்கு நீங்க கொடுக்கும் உண்மையான சம்பளம். வெளிநாட்டு பிராண்ட் எவ்வளவு பெரிசா இருந்தாலும் வடபழனிக்கு ரெண்டு மணி நேரத்தில் ஸ்பேர் கொண்டுவர மாட்டான்.

எப்போ வாங்கி சர்வீஸ் பண்றதுன்னா ஆடியும் புரட்டாசியும். முகூர்த்தம் இல்லாத மாசம், கிடாரிஸ்ட் சும்மா இருப்பார்.

19 ஆகஸ்ட். மண்டபம் சவுண்ட்

ஆடியில் சும்மாவா? அம்மன் கோயில் கச்சேரி யார் வாசிக்கிறது, உங்க ஆசிலோஸ்கோப்பா? ஆர்க்கெஸ்ட்ரா ஆளுங்களுக்கு ஆடிதான் பீக். புரட்டாசி ஓகே. சர்ச் கிடாரிஸ்ட்னா டிசம்பர் பக்கம் தொடவே தொடாதீங்க, ஜனவரி நடுவில் வாங்குங்க.

20 ஆகஸ்ட். ஐந்துகம்பி

பகலில் ஆடிட்டர் ஆபீஸ், வார இறுதியில் பேஸ் கிடார். வரி பக்கம் நான் எழுதுகிறேன்.

ஓம்விதி சொன்ன ₹468 சரி. இலவசமாகக் கொடுத்த, மாதிரியாகக் கொடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரி கிரெடிட் கிடையாது. சிஜிஎஸ்டி சட்டம் 17(5)(எச்). இரவலில் பொருள் உங்கள் பேரிலேயே இருப்பதால் இந்தப் பிரச்சினை எழாது, ஆனால் சலானும் ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும். காகிதம் இல்லாத இரவலை அதிகாரி இனாம் என்றுதான் படிப்பார். ஆண்டு விற்பனை ₹40 லட்சத்தைத் தொடவில்லையே, ஜிஎஸ்டி எதற்கு என்பவர்களுக்கு: வெளிமாநிலத்துக்கு ஒரு பெடல் விற்றாலும் பதிவு கட்டாயம். ஆன்லைனில் விற்கும் பெடல்காரர் தமிழ்நாட்டுக்குள்ளேயே நிற்பது நடக்காத காரியம்.

அடுத்தது வருமான வரியில் சலுகை மீதான டிடிஎஸ் (கொடுப்பவரே பிடித்துக் கட்டும் வரி). 2022 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. தொழில் தொடர்பாக ஒருவருக்குக் கொடுக்கும் சலுகை நிதியாண்டில் ₹20,000-ஐத் தாண்டினால் 10% டிடிஎஸ்.

20 ஆகஸ்ட். அம்பத்தூர் ஓவர்டிரைவ்

ஒரு பெடல் ₹8,500-தானே, 20,000-க்குள்ளே இருக்கே. மூணு கொடுத்தாலும் தனித்தனி பொருள்.

20 ஆகஸ்ட். ஐந்துகம்பி

பொருளுக்கு இல்லை, ஆளுக்கு. ஒரே நபருக்கு அந்த ஆண்டில் கொடுத்த எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். மூன்று பெடல் என்றால் ₹25,500. அடக்க விலையைக் காட்டித் தப்பவும் முடியாது. நீங்களே தயாரிக்கும் பொருளுக்கு வாடிக்கையாளரிடம் வாங்கும் விலைதான் மதிப்பு, ஜிஎஸ்டி நீங்கலாக. அப்படிப் பார்த்தால் 7,203 × 3 = ₹21,609. அப்போதும் தாண்டுகிறது.

ஆனால் நீங்கள் தனிநபர் தொழிலா? சென்ற நிதியாண்டு விற்பனை ஒரு கோடிக்குள் என்றால் பிடிக்கும் கடமை உங்களுக்கு இல்லை. பார்ட்னர்ஷிப், எல்எல்பி, பிரைவேட் லிமிடெட் என்றால் இந்த விலக்கு கிடையாது, விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும். கிடார் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ₹65,000 மதிப்புள்ள கஸ்டம் கிடாரைக் கொடுத்தால் ₹6,500 வரி கட்டியதை உறுதி செய்த பிறகே கிடார் கை மாற வேண்டும். "வரியை நானே கட்டிக்கொள்கிறேன்" என்றால் அந்த வரியும் சலுகையில் சேர்ந்து ₹7,222 ஆகும். டிடிஎஸ் இல்லாவிட்டாலும் கலைஞருக்கு அது வருமானம்தான், அவர் ரிட்டர்னில் காட்ட வேண்டும். இதைக் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், மார்ச் மாதம் சொன்னால் சண்டை வரும்.

வாசித்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பொருள் சலுகை ஆகாது, வைத்துக்கொண்டால் ஆகும். 2022-இல் வந்த வருமான வரி 12ஆம் எண் சுற்றறிக்கையில் சமூக ஊடகப் பிரபலங்களை வைத்தே இதைச் சொல்லியிருக்கிறார்கள். இரவலுக்கு இன்னொரு ஓட்டு.

21 ஆகஸ்ட். பிக்கப் சுத்துறவன்

இரவல் இரவல்ங்கிறீங்க, நான் செய்ற பிக்கப்பை (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) எப்படி இரவல் தர்றது? சால்டர் பண்ணி உள்ளே போயிடுது.

21 ஆகஸ்ட். ஓம்விதி

பிக்கார்டோடு (கிடார் முகப்பில் திருகி இருக்கிற தகடு) கொடுங்க. மூணு பிக்கப், பாட் (வால்யூம், டோன் திருகி), சுவிட்ச் எல்லாம் முன்கூட்டியே வயர் பண்ணி, கிடாருக்குப் போற ஒயர் மட்டும் செருகும் கனெக்டரில். பழைய பிக்கார்டை அப்படியே கவரில் போட்டு, திருகுகளோடு, அவர் பேர் எழுதி உங்ககிட்ட வைங்க. திருகு தொலைஞ்சா கெட்ட பேர் உங்களுக்கு.

ஹம்பக்கர்னா (ரெண்டு சுருள் பிக்கப்) ஒண்ணு பார்த்துக்கோங்க: மேடைக்குப் போறது நல்லா மெழுகு குடிச்சிருக்கணும். பாரஃபின் எட்டு பங்கு, தேன்மெழுகு ரெண்டு பங்கு, 65 டிகிரி தாண்டக் கூடாது, குமிழி நிற்கும் வரை முங்கி இருக்கணும். 42 கேஜ் ஒயரில் உள் சுத்து லூசா நின்னா ரூமில் இனிமையா இருக்கும், மேடை மானிட்டர் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினதும் விசில் அடிக்கும். பாபினை (ஒயர் சுத்துற பிளாஸ்டிக் சட்டம்) அதிக சூட்டில் வெச்சா வளைஞ்சு கவரே ஏறாது.

ஸ்ட்ராப், பிக், கம்பி இதெல்லாம் தேயும் சரக்கு, இரவல் பேச்சே வேண்டாம். மாசத்துக்கு இத்தனைன்னு எழுதி இனாமாவே கொடுங்க, ஆண்டுக் கூட்டல் மட்டும் நினைவிருக்கட்டும்.

24 ஆகஸ்ட். அம்பத்தூர் ஓவர்டிரைவ்

அவர்கிட்ட பேசினேன். இரவல்னா மதிப்பு குறைவா நினைக்கிறார். இலவசம் இல்லைன்னா பாதி விலைக்குத் தா, பதிலுக்கு வேற எந்த பிராண்டும் தொடமாட்டேன், எக்ஸ்க்ளூசிவ் என்கிறார். இது நல்ல டீல் இல்லையா?

24 ஆகஸ்ட். ஓம்விதி

பாதி விலைங்கிறது ₹4,250, அதில் ஜிஎஸ்டி போனா ₹3,602. அடக்கமே 4,000. நஷ்டத்துக்கு விற்றுட்டு அவர் விருப்பப்படி வெளியே விற்கவும் உரிமை கொடுக்கிறீங்க. நம்ம அளவுக்கு 30% தள்ளுபடிதான் எல்லை: ₹5,950, கைக்கு ₹5,042. கடைக்காரருக்கும் ஏறக்குறைய அதே மார்ஜின் போகும், அதனால் கடைக்காரர் மனசும் நோகாது. கலைஞருக்குக் கடையை விடக் குறைச்சுக் கொடுத்தது வெளியே தெரிஞ்சா மவுண்ட் ரோடு பக்கம் ஷெல்ஃபில் உங்க பெடலுக்கு இடம் இருக்காது.

எக்ஸ்க்ளூசிவ் ஏமாத்து வார்த்தை. அவர் போர்டில் பன்னிரண்டு பெடல் இருக்கு, நீங்க செய்றது ரெண்டு. மீதி பத்தை என்ன பண்ணுவார்? "ஓவர்டிரைவில் உங்களுடையது மட்டும், மேடையிலும் வீடியோவிலும்" என்ற அளவுக்கு எழுதுங்க. அதையும் ஒரு வருஷத்துக்கு. செஷனில் இசையமைப்பாளர் வேற சத்தம் கேட்டா அதுக்கு விலக்கு கொடுங்க, இல்லைன்னா அவர் கையெழுத்துப் போட்ட அன்னிக்கே மீறுவார்.

தள்ளுபடியில் விற்றதுக்கு மறுவிற்பனை ஷரத்து வேணும்: 18 மாசத்துக்குள் விற்கிறதா இருந்தா முதல்ல உங்ககிட்ட, வாங்கின விலைக்கே. இல்லைன்னா ஏ-07 ஓஎல்எக்ஸில் ₹5,000-க்கு நிக்கும், பார்த்தவன் உங்க சைட்டில் ஏன் 8,500 கொடுப்பான்?

24 ஆகஸ்ட். பிக்கப் சுத்துறவன்

ஏ-07 நிக்குதா? லிங்க் போடுங்க, நான் வாங்கிக்கிறேன் 😄

27 ஆகஸ்ட், பிள்ளையார் சதுர்த்தி. ஓம்விதி

லீவு நாள், கொஞ்சம் நீளமா. வீடியோ பத்தி யாரும் பேசலை.

டெமோவுக்கு சினிமாப் பாட்டு வாசிக்க விடாதீங்க. நம்ம ஊர் கிடாரிஸ்ட் கை தானா அங்கேதான் போகும், வியூஸும் வரும். அடுத்த நாள் மியூசிக் கம்பெனியின் காப்புரிமைக் க்ளெய்ம் வரும், வருமானம் அவங்களுக்கு, சில நேரம் வீடியோவே போகும். அவர் சேனலில் போகிறது அவர் பாடு. அதை எடுத்து நீங்க விளம்பரமா ஓட்டினா உங்க பாடு. எட்டு பார் சொந்த ரிஃப் கேளுங்க. முதல்ல பைபாஸ், அப்புறம் கெயின் திருகி கடிகார முள் மாதிரி 9 மணி, 12 மணி, 3 மணி நிலையில், வால்யூமைக் குறைச்சு கிளீன் ஆகிறதா, சிங்கிள் காயில் (ஒத்தைச் சுருள்) பிக்கப்பிலும் ஹம்பக்கரிலும். ரெண்டு நிமிஷம் போதும். டிலே, ரிவெர்ப் எல்லாம் அணைச்சு. மேல ரிவெர்ப் கொட்டின ஓவர்டிரைவ் டெமோ பார்த்து வாங்கினவன்தான் பெடலைத் திருப்பி அனுப்புவான்.

கச்சேரி போட்டோ: அவர் அனுப்பினார்னு உங்க பேஜில் போடாதீங்க. பொதுவா படம் எடுத்தவருக்குத்தான் உரிமை, மேடையில் நின்னவருக்கு இல்லை. எடுத்தவர்கிட்ட எழுதி வாங்குங்க. எத்தனை வருஷம், எந்த நாடுன்னு எழுதலைன்னா சட்டப்படி அஞ்சு வருஷம், இந்தியாவுக்குள் மட்டும்னு ஆயிடும். உங்களுக்கு ஏற்றுமதி இருந்தா "உலகம் முழுக்க"ங்கிற ரெண்டு சொல் வேணும்.

27 ஆகஸ்ட். ஐந்துகம்பி

வெளிப்படுத்தலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவசம், இரவல், தள்ளுபடி எதுவானாலும் அது பார்வையாளருக்குச் சொல்ல வேண்டிய தொடர்பு. 2022 ஜூனில் வந்த நுகர்வோர் விதிகளும் 2023 ஜனவரி வழிகாட்டியும் இதைத்தான் சொல்கின்றன. வீடியோவில் என்றால் படத்திலும் குரலிலும் வர வேண்டும், கீழே விவரக் குறிப்பில் ஒளித்து வைத்தால் போதாது. பேசும் மொழியிலேயே இருக்க வேண்டும். அதாவது தமிழில் பேசிவிட்டு மூலையில் ஆங்கில ஹாஷ்டேக் போடுவது கணக்கில் வராது, "இது விளம்பரம்" என்று தமிழிலேயே சொல்லட்டும். தவறான விளம்பரத்துக்கு அபராதம் ₹10 லட்சம் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. தயாரிப்பாளருக்கும் பரிந்துரைப்பவருக்கும் பொருந்தும். "உலகத்திலேயே இரைச்சலே இல்லாத ஓவர்டிரைவ்" என்று அவர் வாய் தவறிச் சொன்னாலும் நிரூபிக்க வேண்டியது நீங்களும்தான்.

7 செப்டம்பர். பிக்கப் சுத்துறவன்

அமெரிக்காவில் ஒரு கிடாரிஸ்ட் கேட்கிறார், நம்ம ஊர்க்காரர்தான். அனுப்பலாமா?

7 செப்டம்பர். ஓம்விதி

இப்போ நேரம் சரியில்லை. 800 டாலருக்குள் வரி இல்லைங்கிற சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுக்கும் நிறுத்திட்டாங்க. நம்ம தபால் துறையும் 2025 ஆகஸ்ட் 25-இல் அங்கே பார்சல் எடுக்கிறதைத் தற்காலிகமா நிறுத்தி வெச்சது. அப்படி நிறுத்தின நேரத்தில் தனியார் கூரியர்தான் வழி. இனாம்னாலும் இன்வாய்ஸில் சுழியம் போட முடியாது, உண்மை மதிப்பு எழுதி "சுங்கத்துக்காக மட்டும்"னு குறிக்கணும். வரியை யார் கட்டுறதுன்னு முன்னாடியே பேசலைன்னா, 80 டாலர் பிக்கப்புக்கு வாசலில் பில்லை நீட்டுவாங்க, அவர் வாங்காம திருப்பிடுவார். ஊருக்கு டிசம்பரில் வருவார்தானே? கையில் கொடுங்க. சபா கேன்டீனில் மாட்டினாருன்னா காபியும் வாங்கிக் கொடுங்க.

8 செப்டம்பர். மண்டபம் சவுண்ட்

ஆள் தேர்வு பத்தி ஒண்ணு. செஷன் கிடாரிஸ்ட் பெடலை யார் பார்க்கிறா? ஸ்டுடியோ சுவர்தான் பார்க்குது, பாதி நேரம் லைனில் நேரா எடுத்து மாடலரில் (ஆம்ப், பெடல் சத்தத்தை டிஜிட்டலா போலி செய்ற கருவி) போட்டுடறாங்க. வாரா வாரம் ஆராதனையில் வாசிக்கிற பையன், கிரேடு பரீட்சைக்கு முப்பது பசங்களைத் தயார் பண்ற மாஸ்டர், இவங்க காலடியைத்தான் அடுத்து வாங்கப் போறவன் குனிஞ்சு பார்க்கிறான்.

8 செப்டம்பர். ஓம்விதி

முழுசா ஒத்துக்க மாட்டேன். செஷன் ஆள் காது வேற. நாய்ஸ் எங்கே ஏறுதுன்னு அவர் ஒரு மணி நேரத்தில் சொல்வார், மாஸ்டர் சொல்ல மாட்டார். ஒரு செஷன் ஆள் சோதனைக்கு, ரெண்டு மாஸ்டர் விற்பனைக்கு. ஆளுக்கு ஒரு கூப்பன் கோடு, 5% வாங்குறவருக்கு. மூணு மாசத்தில் எந்தக் கோடில் எத்தனைன்னு பார்த்தா தெரியும். கோடு மட்டும் போதாது, பாதிப் பேர் போட மறப்பான். ஆர்டர் பக்கத்தில் "யார் சொல்லிக் கேள்விப்பட்டீங்க"ன்னு ஒரு கட்டம் வைங்க.

20 செப்டம்பர். அம்பத்தூர் ஓவர்டிரைவ்

ஒரு பக்கத்தில் எழுதியாச்சு. பெடல் இரண்டு, ஏ-01, ஏ-02. இரவல், 12 மாதம். ஓவர்டிரைவில் மட்டும் தனியுரிமை, செஷனுக்கு விலக்கு. ஒரு டெமோ, சொந்த ரிஃப், தமிழில் வெளிப்படுத்தல். படம் வீடியோ நான் மூணு வருஷம் உலகம் முழுக்கப் பயன்படுத்தலாம். பழுதுன்னா ஊருக்குள் அதே நாள் மாற்று. தொலைஞ்சா ₹5,950. யாரும் 30 நாள் முன்னறிவிப்பில் விலகலாம். புரட்டாசியில் சர்வீஸ். அவர் ஒத்துக்கிட்டார், ஏன்னா அதே நாள் மாற்று வேற யாரும் தரலையாம்.

20 செப்டம்பர். ஐந்துகம்பி

விலகிய பிறகு ஏற்கெனவே போட்ட பதிவுகள் என்ன ஆகும் என்று எழுதவில்லை. "பழைய பதிவுகள் இருக்கலாம், புதிதாக விளம்பரம் ஓட்டக் கூடாது" என்று ஒரு வரி சேருங்கள். பெடல் கொடுக்கும்போது சலானில் அவர் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

20 செப்டம்பர். மண்டபம் சவுண்ட்

அடாப்டரையும் சலானில் ஏத்துங்கபா. மேலே பெருசா 9 வோல்ட்னு ஸ்டிக்கர் ஒட்டி.